ஒருவரா, இருவரா? – பதிவிணைப்பு முறையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இடாப்பொன்றிலே ஒரு மனிதர் இரு நிரைகளில் இடம்பெறுவதும், இரு மனிதர் ஒரே நிரையினுள் அடக்கப்படுவதும் பதிவு முறை தோன்றிய காலந்தொட்டு நிகழ்ந்துவரும் பிழைகளாகும். முதலாவது பிழையினால் ஒருவருக்கு ஒரே கடிதம் இருமுறை செல்லலாம்; ஒரு நோயாளி இருவராக எண்ணப்படலாம். இரண்டாவது பிழையினால் ஒருவர் செய்த செயலுக்கு மற்றொருவர் பொறுப்பாளியாக்கப்படலாம். இவ்விரு பிழைகளுள் ஒன்றைக் குறைக்க எடுக்கும் முயற்சி பெரும்பாலும் மற்றையதைப் பெருக்கிவிடும் என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

இன்று விரிதாள் ஒன்றிலுள்ள பல்லாயிரம் நிரைகளைச் சிறியதொரு கட்டளைத்தொடரின் உதவியோடு சில நொடிகளில் ஒன்றாக்கிவிட முடிகின்றது. ஆயின், அக்கட்டளைத்தொடரினுள் பொதிந்திருக்கும் தீர்மானங்கள் நொடிப்பொழுதில் உருவானவை அல்ல. அவற்றின் பின்னே ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இரு போக்குகளைப் பிரித்தறிதல் வேண்டும். இரு பதிவுகளும் ஒருவரையே குறிக்கின்றன எனக் கண்டு, இரண்டையும் அழியாது பேணி, அவற்றிடையே ஒரு தொடர்பை மட்டும் ஏற்படுத்துவது ஒரு போக்கு. இதனைப் பதிவிணைப்பு எனலாம். இரண்டனுள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றையதை நீக்கிவிடுவது மறு போக்கு. இதனை ஒன்றாக்கம் எனலாம். முன்னையதிற் பிழை நேர்ந்தால் தொடர்பை அறுத்துவிட்டு மீளலாம். பின்னையதில் மீளுதல் அரிது. இவ்வேறுபாடு சொல்லளவிலானது அன்று என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

பெயரை ஒலியாற் பிடித்தல்

ஐக்கிய அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஹெர்மன் ஹொலரித் அமைத்த இயந்திரங்கள் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கணக்கிட்டன. ஆயின் அவ்வியந்திரங்கள் எண்ணுவதிலேயே வல்லவை. ஓர் அட்டைக்குரியவர் யார், பத்தாண்டுகளுக்கு முன்னர் எடுத்த கணக்கில் அவர் எங்கே இருந்தார் என்னும் வினாக்களுக்கு அவற்றிடம் விடை இல்லை.

அவ்வினாவுக்கு விடை தேட வேண்டிய தேவை சமூக நலத்திட்டங்களின் வழியே வந்தது. 1935இல் அமெரிக்காவிற் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது, முதியோர் கொடுப்பனவு பெற விரும்பியவர்கள் தம் வயதை நிறுவ வேண்டியவராயினர். அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் பிறப்புப் பதிவு வலயத்துட் சேர்ந்து முடிந்தது 1933இலேயே. ஆகவே முதியோர் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. பழைய குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் அவர்களைச் சிறுபிள்ளைகளாகக் கண்டுபிடிப்பதே வழியாயிற்று. ஆனால் கணக்கெடுப்பாளர் தம் காதில் விழுந்தவாறு பெயர்களை எழுதியிருந்தனர். குடியேறிய மக்களின் பெயர்களோ ஏட்டுக்கு ஏடு எழுத்து வேறுபட்டுக் கிடந்தன.

இதற்கு உதவியது சவுண்டெக்ஸ் என்னும் முறையாகும். ரொபேட் ரசல் என்பார் 1918இற் பெற்ற காப்புரிமையில் இதன் மூலக்கருத்து உள்ளது. மார்கரெட் ஓடெல் என்னும் பெண்மணியின் பெயரும் இதனோடு சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. இதன் வழக்கமான வடிவம் மிக எளியது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துக்களை விட்டுவிட்டு, எஞ்சிய ஆங்கில மெய்யெழுத்துக்களை ஒலியினத்துக்கேற்ப ஆறு தொகுதிகளாகப் பிரித்து, அவற்றுக்கு 1 முதல் 6 வரை இலக்கமிட்டு, முதல் மூன்று இலக்கங்களை மட்டும் எழுதினால் அதுவே குறியீடு. ஒரே தொகுதியைச் சேர்ந்த எழுத்துக்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகவே கொள்ளப்படும். அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் எழுதுவினைஞர்கள் 1880, 1900 முதலிய ஆண்டுகளின் ஏடுகளுக்கு இம்முறையில் அட்டவணை ஆக்கினர். 1880ஆம் ஆண்டு ஏட்டிற் பத்து வயதுக்கு மேற்படாத பிள்ளைகள் உள்ள குடும்பங்களே அட்டவணைப்படுத்தப்பட்டன. அப்பிள்ளைகளே 1935இல் ஓய்வு வயதை நெருங்கியவர்கள் என்பதை நோக்கும்போது இதன் காரணம் விளங்கும்.

சவுண்டெக்ஸ் ஆங்கில வழக்கிலுள்ள பெயர்களுக்காக ஆக்கப்பட்டது. தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்படும்போது அது எவ்வாறு தொழிற்படும் என்பதைச் சோதித்துப் பார்த்தல் அதன் இயல்பை அறிய உதவும். சண்முகம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் ‘எஸ்’ எழுத்தோடு தொடங்கினாலும் ‘எஸ்-எச்’ எனத் தொடங்கினாலும் கிடைப்பது எஸ் 525 என்னும் ஒரே குறியீடு. இது நன்று. ஆனால் சண்முகநாதன் என்னும் பெயருக்கும் அதே எஸ் 525 தான் கிடைக்கின்றது. இரு வேறு பெயர்கள் ஒன்றாகிவிடுகின்றன. மறுபுறம், விக்னேஸ்வரன் என்பதனை ஒருவர் ‘வி’ என்னும் ஆங்கில எழுத்தோடு தொடங்க, பதிவாளர் ‘டபிள்யூ’ எழுத்தோடு தொடங்கினால், வி 252, டபிள்யூ 252 என இரு குறியீடுகள் பிறக்கின்றன. ஒரே பெயர் இரண்டாகிவிடுகின்றது. மேலும், தமிழரிடையே குடும்பப்பெயர் என ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக முன்நிற்கும்; வெளிநாடு சென்றால் அதே பெயர் குடும்பப்பெயர் நிரலிற் போய் அமரும்; சில வேளைகளில் மகனது பெயரும் தந்தையின் பெயரும் இடம் மாறும். ‘குடும்பப்பெயரால் ஒப்பிடுக’ என்னும் விதி நடுநிலையான விதி போலத் தோன்றினும், அது ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பெயரிடும் வழக்கத்தை உலகப் பொதுவழக்காகக் கொண்ட விதியே.

கனடாவில் நிகழ்ந்த திருப்பம்

‘பதிவிணைப்பு’ என்பதற்குரிய ஆங்கிலத் தொடரைத் துறைச்சொல்லாக நிலைநிறுத்தியவர் அமெரிக்க வாழ்க்கைப் புள்ளிவிபர அலுவலகத்தின் தலைவராயிருந்த ஹல்பேட் டன். 1946இல் வெளிவந்த கட்டுரையொன்றில், மனிதர் ஒவ்வொருவரும் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு நூலை எழுதிச் செல்வதாகவும், சிதறிக் கிடக்கும் அதன் ஏடுகளை ஒருங்கு கட்டுவதே பதிவிணைப்பு எனவும் அவர் விளக்கினார். ஏடுகளைக் கட்டுவது பற்றியே அவர் பேசினார், கிழிப்பது பற்றியன்று. எனினும் அதனை எவ்வாறு பெருமளவிற் செய்வது என்பதற்குத் திட்டவட்டமான வழி அப்போது இருக்கவில்லை.

அவ்வழியைக் கண்டவர் புள்ளிவிபரவியலாளர் அல்லர், பிறப்புரிமையியலாளர். ஹவேட் நியூகொம்ப் கனடாவின் சோக் றிவர் என்னுமிடத்திலுள்ள அணுசக்தி ஆய்வு நிலையத்திற் பணியாற்றியவர். எக்ஸ் கதிர்கள் பழ ஈக்களிற் பரம்பரை விகாரங்களை உண்டாக்கும் என ஹெர்மன் மல்லர் 1927இற் காட்டியிருந்தார். அணுகுண்டுக்குப் பிந்திய உலகில், சிறிதளவு கதிர்வீச்சு மனிதரின் பின்சந்ததிகளுக்கு என்ன செய்யும் என்னும் வினா அச்சத்தோடு எழுப்பப்பட்டது. மனிதரைப் பழ ஈக்களைப் போல வளர்த்துச் சோதிக்க முடியாது. ஆனால் திருமணம், பிறப்பு, நோய், இறப்பு என அரசாங்கம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பதிவுகளை இணைத்தால் குடும்பங்களின் வரலாறு தானாக வெளிப்படும் என நியூகொம்ப் கண்டார்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1955இற் பதிவான 34,138 பிறப்புகளை, 1946 முதல் 1955 வரை அங்கு பதிவான 114,471 திருமணங்களோடு கணனி கொண்டு இணைக்க அவரும் அவருடைய துணைவர் மூவரும் முயன்றனர். அதன் முடிவுகள் 1959 ஒக்டோபரில் ‘சயன்ஸ்’ என்னும் ஏட்டில் வெளிவந்தன. பிறப்புப் பதிவிலே தந்தையின் குடும்பப்பெயரும் தாயின் திருமணத்துக்கு முந்திய குடும்பப்பெயரும் இருக்கும். திருமணப் பதிவிலும் அவ்விரண்டும் இருக்கும். இவ்விணையைச் சவுண்டெக்ஸ் குறியீடாக்கி வரிசைப்படுத்தினால், ஒப்பிட வேண்டிய பதிவுகள் அருகருகே வந்து சேரும். பின்னர் முதற்பெயர்களின் தொடக்க எழுத்து, வயது, பிறந்த மாகாணம் முதலியவை ஒப்பிடப்படும்.

இங்கேதான் நியூகொம்பின் நுட்பம் வெளிப்படுகின்றது. அனுபவமுள்ள எழுதுவினைஞர் ஒருவர் எவ்வாறு தீர்மானிக்கின்றார் என்பதை அவர் கூர்ந்து நோக்கினார். அபூர்வமான பெயர் இரு பதிவுகளிலும் ஒத்திருந்தால் எழுதுவினைஞர் அதற்குப் பெருமதிப்புக் கொடுப்பார். தெருவுக்குப் பத்துப் பேருக்கு உள்ள பெயர் ஒத்திருந்தால் அதனைப் பெரிதாகக் கொள்ளார். இவ்வுணர்வை எண்ணாக்குவதே பணி. நூற்றுக்கு ஒருவருக்குள்ள பெயர் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று; இதனை இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையில் எழுதினால் அவ்வொற்றுமையின் நிறை ஏறத்தாழ 6.6. பத்தாயிரத்தில் ஒருவருக்குள்ள பெயராயின் நிறை 13.3. பிறந்த மாதம் ஒத்திருந்தால் 3.6, பால் ஒத்திருந்தால் 1 மட்டுமே. ஒவ்வாத விபரங்கள் எதிர்நிறை பெறும். அனைத்தையும் கூட்டினால் இரு பதிவுகளும் ஒருவருடையனவா என்பதற்கு ஆதரவாகவோ எதிராகவோ ஓர் எண் கிடைக்கும். இணைந்திருக்க வேண்டிய பதிவுகளில் 98.3 சதவீதம் அகப்பட்டன. தவறாக இணைந்தவை 0.7 சதவீதம் என அக்கட்டுரை தெரிவித்தது. ஒரு தனிச் சான்று மட்டும் ஒவ்வாத காரணத்தால் ஓரிணையைத் தள்ளிவிடாது, சான்றுகள் அனைத்தையும் ஒருங்கு நிறுத்துப் பார்க்கும் இம்முறை, வரலாற்று மாணவர் மூலாதாரங்களை மதிப்பிடும் முறைக்கு மிக நெருங்கியது.

இதற்குக் கணித அடித்தளம் இட்டவர்கள் கனடிய அரசாங்கப் புள்ளிவிபரப் பணியகத்தைச் சேர்ந்த ஐவன் பெலெகியும் அலன் சண்டரும். பெலெகி ஹங்கேரியிலிருந்து 1956ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் கனடாவை அடைந்தவர். பிற்காலத்தில் அந்நாட்டின் தலைமைப் புள்ளிவிபரவியலாளராக உயர்ந்தவர். 1969இல் வெளியான இவர்களது கோட்பாட்டின் சிறப்பு அதன் சமன்பாடுகளில் மட்டும் தங்கியிருக்கவில்லை. எந்த இணையையும் ‘ஒருவர்’ அல்லது ‘இருவர்’ என்னும் இரு பெட்டிகளுள் ஒன்றில் இட்டே ஆகவேண்டும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. மேல்வரம்பு, கீழ்வரம்பு என இரண்டை வகுத்து, இடைப்பட்டவற்றை ‘ஐயத்துக்குரியவை’ என மூன்றாம் பகுதியில் வைத்தனர். அவற்றை மனிதரே ஆராய வேண்டும். தவறாக இணைக்கும் வீதம், தவறாகப் பிரிக்கும் வீதம் ஆகிய இரண்டையும் எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என முன்கூட்டியே சொல்லிவிட்டால், இம்மூன்றாம் பகுதியை இயன்றவரை சிறிதாக்கும் விதியொன்றைப் பெறலாம் என்பதே அவர்கள் நிறுவியது. எவ்வளவு பொறுக்கலாம் என்பது கணிதத்துக்கு வெளியே நின்று எடுக்கப்பட வேண்டிய முடிவு. அதனை அவர்கள் மறைக்கவில்லை.

இக்கோட்பாட்டை நடைமுறையில் எளிதாக்கும் ஒரு கருதுகோள், விபரங்கள் ஒன்றையொன்று சாராதவை என்பது. இது பல இடங்களிற் பொருந்தாது. இரட்டைப் பிள்ளைகளுக்குத் தந்தை பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், முகவரி யாவும் ஒன்றே. நிறைகளைத் தனித்தனியே கூட்டினால் இருவரும் ஒருவராகிவிடுவர்.

விரிதாளும் கட்டளைத்தொடரும்

மருத்துவ ஆய்வும் புள்ளிவிபரத் திணைக்களங்களும் இணைப்பைப் பேணிவர, வணிக உலகம் மறுபோக்கைக் கைக்கொண்டது. அஞ்சல் வழி விளம்பரம் அனுப்பும் நிறுவனங்களுக்கு ஒரே வீட்டுக்கு இரு பொதிகள் செல்வது வீண்செலவு. பட்டியல்களைச் சேர்த்து மிகையானவற்றைக் களைதல் அங்கு ஒரு தொழிலாயிற்று. 1995இற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேர்ணாண்டஸ், ஸ்ரொல்போ ஆகிய இருவரும் அத்தொழில் வழக்குச் சொல்லையே தலைப்பிற் கொண்டு, பெரும் பட்டியல்களில் இதனை விரைவாகச் செய்யும் முறையை வெளியிட்டனர். பட்டியலை வரிசைப்படுத்தி, அருகருகே உள்ள சில நிரைகளை மட்டும் ஒப்பிடுவது அம்முறை. இலட்சம் நிரைகளை ஒவ்வொன்றாக மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஐந்நூறு கோடி ஒப்பீடுகள் வேண்டும். அருகிலுள்ள பத்தோடு மட்டும் ஒப்பிட்டால் ஏறத்தாழப் பத்து இலட்சம் போதும்.

விரிதாள் 1979இல் விசிகல்க் என்னும் மென்பொருளோடு தனியார் மேசைக்கு வந்தது. எக்செல் மென்பொருளின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலே மீள்வரும் நிரைகளை நீக்கும் கட்டளை ஒரு பொத்தானாகவே சேர்க்கப்பட்டது. தெரிந்தெடுத்த நிரல்களில் ஒத்த பெறுமானம் கொண்ட நிரைகளுள் முதலாவதை வைத்து, பின்வருவனவற்றை அது நீக்கிவிடும். ஆகவே எது எஞ்சும் என்பது தாள் எவ்வாறு வரிசைப்பட்டிருந்தது என்னும் தற்செயலைப் பொறுத்தது. நீக்கப்பட்ட நிரையிற் சரியான பிறந்த திகதி இருந்திருந்தால் அதுவும் போய்விடும். பெயரின் இறுதியில் ஒரு வெற்றிடம் கூடுதலாக இருந்தால் இரண்டும் வெவ்வேறெனக் கொள்ளப்படும். இக்குறைகளை நிவர்த்திக்கவே தனிக் கட்டளைத்தொடர்கள் எழுதப்படுகின்றன. அவை முதலில் வெற்றிடங்களையும் திகதி வடிவங்களையும் சீராக்கி, பின்னர் ஒப்பிட்டு, ஒவ்வொரு நிரலுக்கும் எப்பெறுமானம் எஞ்ச வேண்டும் என்னும் விதியின்படி ஒன்றாக்குகின்றன.

தமிழிற் பதிவு செய்வோர் இவ்விடத்திற் சிறப்பாகக் கவனிக்க வேண்டியன உள. ‘கொ’ என்னும் எழுத்தை யுனிக்கோட்டில் ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம். எகரக் குறி, கால் ஆகிய இரண்டாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, சீராக்கப்படாத விரிதாளுக்கு இரண்டு. ‘ஸ்ரீ’ என்பதன் நிலை இன்னும் சிக்கலானது. அதனை இரு வேறு மெய்களைக் கொண்டு ஆக்கலாம். வழக்கமான சீராக்க விதியும் அவற்றை ஒன்றாக்காது. இலங்கையின் தேசிய அடையாள அட்டை இலக்கமும் இவ்வாறே. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வந்த பழைய இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது; 2016 முதல் வழங்கப்படும் புதியது பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்டது. பழையதன் முன்னே 19 சேர்த்து, தொடரிலக்கத்தின் முன்னே ஒரு பூச்சியம் இட்டு, இறுதி எழுத்தை நீக்கினாற் புதிய வடிவம் கிடைக்கும். இதனை அறியாத கட்டளைத்தொடர் ஒருவரை இருவராகவே விட்டுவைக்கும். இலக்கம் இருந்தாற் சிக்கல் தீர்ந்துவிடும் என எண்ணுவோர் இதனை நோக்குதல் நன்று.

புளோரிடாவின் இரு பட்டியல்கள்

பெயர் ஒப்பீட்டின் விலை என்ன என்பதை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்தவை போல வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை எனலாம். பாரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள், மன்னிப்பின் வழி உரிமை மீளப் பெற்றாலன்றி வாக்களிக்க முடியாது என்பது அக்காலத்து அம்மாநிலச் சட்டம். 1997ஆம் ஆண்டு மயாமி நகர மேயர் தேர்தலில் மோசடி வெளிப்பட்டதன் பின், வாக்காளர் இடாப்பைத் தூய்மையாக்கவென 1998இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தனியார் நிறுவனம் ஒன்று வாக்காளர் இடாப்பைக் குற்றவாளிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டது. குடும்பப்பெயரின் எழுத்துக்கள் 80 சதவீதம் ஒத்திருந்தாற் போதும் எனக் கொள்ளப்பட்டது. முதற்பெயரும் இடைப்பெயரும் இடம் மாறியிருந்தாலும் ஒப்பாகவே கருதப்பட்டது. வரம்பைத் தளர்த்தினால் குற்றமற்றவர்களும் அகப்படுவர் என்பது அறியப்பட்டே இருந்தது. பிழைகளை மாவட்டத் தேர்தல் உத்தியோகத்தர் களைவர் என எதிர்பார்க்கப்பட்டது. பெலெகியும் சண்டரும் ஐயப் பகுதியில் வைத்திருக்கக் கூடியவற்றை மேல்வரம்புக்கு மேலே ஏற்றிவிட்டு, ஆராயும் பொறுப்பை மட்டும் கீழே தள்ளியமைக்கு இது ஒப்பாகும்.

மாடிசன் மாவட்டத்தின் தேர்தல் மேற்பார்வையாளர், தம் பெயரே அப்பட்டியலில் இருப்பதைக் கண்டார். டெக்சஸ் மாநிலத்திலிருந்து பெறப்பட்ட தரவிலே சிறு குற்றங்கள் மட்டும் புரிந்த ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் பாரிய குற்றவாளிகளாகச் சேர்ந்திருந்தமை 2000ஆம் ஆண்டு தேர்தலுக்கு முன்னரே கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. சில மாவட்டங்கள் பட்டியலைப் பயன்படுத்த மறுத்தன. சில ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி விசாரித்தன. வேறு சில அப்படியே பெயர்களை வெட்டின. ஆகவே ஒருவரது வாக்குரிமை அவர் எந்த மாவட்டத்தில் வாழ்ந்தார் என்பதைப் பொறுத்ததாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் அம்மாநிலம் 537 வாக்கு வித்தியாசத்தில் முடிவாயிற்று. அம்மாநிலமே நாட்டின் முடிவைத் தீர்மானித்தது. பட்டியலிற் கறுப்பின மக்கள் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் இடம்பெற்றிருந்ததை அமெரிக்கக் குடியியல் உரிமைகள் ஆணைக்குழுவின் 2001ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது. 2002இல் எட்டப்பட்ட வழக்கிணக்கத்தின்படி அப்பெயர்கள் கடுமையான ஒப்பீட்டு விதிகளோடு மீண்டும் சோதிக்கப்பட வேண்டியதாயிற்று. வாக்குச்சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு 2000ஆம் ஆண்டின் நவம்பர் 7ஆம் திகதி மீண்டும் வரவில்லை.

அடுத்த சனாதிபதித் தேர்தலுக்கென 2004இல் ஆக்கப்பட்ட பட்டியலில் 47,000இற்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. இம்முறை விதிகள் இறுக்கப்பட்டன. இனம் என்னும் நிரலும் இரு பதிவுகளிலும் ஒத்திருக்க வேண்டும் எனக் கொள்ளப்பட்டது. வாக்காளர் பதிவுப் படிவத்திலே ‘ஹிஸ்பானியர்’ என்பது ஓர் இனப்பிரிவு. குற்றப் பதிவேட்டிலோ அவ்வாறு ஒரு பிரிவே இல்லை. அவர்களிற் பெரும்பாலோர் அங்கு வெள்ளையர் எனவே எழுதப்பட்டிருந்தனர். எனவே ஹிஸ்பானியர் எனத் தம்மைப் பதிந்த ஒருவர் எவ்வளவு ஒத்திருந்தாலும் இணையமாட்டார். ஹிஸ்பானியர் பெருந்தொகையாக வாழும் அம்மாநிலத்தின் பட்டியலில் அவர்கள் 61 பேரே இருந்தனர்; கறுப்பின மக்களோ ஆயிரக்கணக்கில் இருந்தனர். முதற்பட்டியல் வேறானவர்களை ஒருவராக்கிற்று. இரண்டாம் பட்டியல் ஒருவரை வேறானவராக்கிற்று. நிரலொன்றின் தலைப்பு இரு ஏடுகளிலும் ஒன்றாக இருந்ததே தவிர, அதனுள் எழுதப்பட்டவற்றின் பொருள் ஒன்றாக இருக்கவில்லை.

பட்டியலைப் பொதுமக்கள் பார்வையிட அனுமதிக்க மாநில அரசு முதலில் மறுத்தது. நீதிமன்றத்தின் கட்டளைப்படி அது வெளியிடப்பட்ட சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் அந்த 61 என்னும் எண்ணைக் கண்டனர். 2004 யூலை 10ஆம் திகதி பட்டியல் முழுவதும் கைவிடப்பட்டது.